ஒரு தடவைதான் கேட்பார்

ஜெர்மனிக்கு வரும்போது யார் யாரெல்லாம் என்னை அடிப்பார்கள் என்று ஒரு பட்டியலே மனதில் வைத்திருந்தேன். வெளிநாட்டவரைக் கண்டால் அடிக்கும் மொட்டைத் தலைக்காரர்கள், போலீஸ்காரர்கள், குடித்துவிட்டு ரயிலில் ஏறுகிறவர்கள். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. பட்டியலில் இருந்த ஒருவர்கூட என்னை அடிக்கவில்லை. இந்த நாட்டில் என்னைக் கைநீட்டி அறைந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் காரைக்கால்காரர். வயது எழுபத்து மூன்று. அறைந்த பிறகு, என் உதட்டில் கசிந்த இரத்தத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு "மெர்சி" என்றார். எதற்கு நன்றி சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் அவரைக் கப்பித்தான், அதாவது கேப்டன், என்போம். காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த காலத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் அவர்களுடைய படையில் சேர்ந்து கப்பல் ஏறினார். முதலில் இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. சிப்பாயாகப் போனவர் ஆப்பிரிக்காவில் அந்தச் சண்டை முடியும்போது உண்மையாகவே கப்பித்தான் ஆகியிருந்தார். அதன்பின் அவருடைய படைப்பிரிவை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். இங்கே பிரெஞ்சு படிப்பிக்கும் ஒரு ஜெர்மன் ஆசிரியையைக் கலியாணம் செய்து, ஓய்வுபெற்ற பின் மனைவியின் ஊரான டுசல்டோர்ஃபிலேயே தங்கிவிட்டார். மனைவியை அவர் மதாம் என்று கூப்பிடுவார். ஆகவே நாங்களும் மதாம் என்போம்.

கப்பித்தானின் குணத்தை விளக்கப் பெரிய பாடு படத் தேவையில்லை. எதையும் ஒரு தடவைதான் கேட்பார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க்கடை இருந்தது. நடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. ஒரு சனிக்கிழமை கப்பித்தான் உள்ளே வந்து "வெளமீனு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா கனடாவில் இருந்த தங்கையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தவர், ஒரு நிமிடம் பொறுங்கோ என்று விரலைக் காட்டினார். கப்பித்தான் அந்த விரலைப் பார்த்தார், திரும்பினார், போய்விட்டார். அடுத்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், உருசி இல்லாத ஜெர்மன் மீனைச் சாப்பிட்டாரே தவிர, இன்னொரு தடவை வந்து கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவருடைய தொப்பி கண்ணாடியில் தெரிந்த உடனேயே அக்கா உள்ளே இருந்து கத்துவார்: "விளமீன் இருக்கு ஐயா! பாரை இருக்கு! றால் முடிஞ்சுது!"

வீட்டிலும் அப்படித்தான். "உப்பு" என்பார். மதாமின் காதில் விழாவிட்டால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழும்புவார். இதைப் பிடிவாதம் என்று நான் நினைத்தேன். நான் நினைத்தவற்றில் சரியாக வந்தது குறைவு.

அந்த வருடங்களில் ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. உலகம் சந்தோஷப்பட்டது. டுசல்டோர்ஃபின் ஒரு அகதி விடுதியில் எட்டுத் தமிழர்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தோம். சண்டைதான் நின்றுவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று ஜெர்மன் அரசாங்கக் கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் கையில் இருந்தது டுல்டுங் என்ற கடதாசி. இப்போதைக்கு உன்னைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம். பல்வலியைப் பொறுத்துக்கொள்வதுபோல எங்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொறுத்துக்கொண்டார்கள்.

அகதி விண்ணப்பத்தில் நாங்கள் சொல்லும் கதையைக் 'கேஸ்' என்போம். எங்களில் ஏழு பேருக்குக் கேஸ் எழுதித் தந்தவர் ஒரே ஆள். கற்பனை கொஞ்சம் குறைந்த மனிதர். ஏழு பேரையும் ஒரே முகாமில், ஒரே கிழமையில், இடது புருவத்தில் வெட்டுக்காயம் உள்ள ஒரே அதிகாரி, ஒரே இரும்புக் குழாயால் அடித்திருந்தார். பாவம், அந்த அதிகாரிக்கு அந்தக் கிழமை சாப்பிட நேரம் கிடைத்திருக்காது. அந்த ஏழில் நான் ஏழாவது. உண்மையில் ஊரில் என்னை ஒரு ராணுவமும் தொட்டதில்லை. என் முதுகில் ஒரு தழும்பு இருக்கிறது. அது கோழிக்கூட்டுத் தகரம் கிழித்தது.

எட்டாவது ஆள் யோகன். என் அறையில் மற்றக் கட்டிலில் படுப்பவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனைத்தான் ராணுவம் உண்மையாகவே பிடித்து ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தது. தன் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்க அவனால் ஏலாது. சட்டையை மேசையில் விரித்து, கைகளை உள்ளே நுழைத்து, பிறகு குனிந்து தலையை அதற்குள் விடுவான். என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வேறொன்றும் வராது. முதல் விசாரணையிலும் அந்தச் சிரிப்பைத்தான் கொடுத்திருந்தான். "ஊரிலை சண்டை, பயமாயிருந்தது" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறான். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீட்டில் நீதிமன்றத்துக்கு நாள் குறித்திருந்தது. அங்கேயும் சிரித்தானென்றால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவனை அடித்தவர்கள் இன்னும் அதே முகாமில்தான் இருந்தார்கள்.

எங்கள் கேஸ்களை அக்காவின் கடைப் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, சனிக்கிழமை மத்தியானங்களில் சொல்லிப் பழகுவோம். ஒருவர் அதிகாரியாக நடிப்பார், மற்றவர் அழுவார். ஒருநாள் நான் அழுதுகொண்டிருந்தபோது வாசலில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கையில் மீன் பையோடு கப்பித்தான்.

"இதையா நம்புவாங்கன்னு நெனக்கிறீங்க?" என்றார். "நகருங்க. கேள்வி கேக்குறதுதான் எனக்குத் தொழிலா இருந்துச்சு."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"எந்தக் கையால அடிச்சான்?"

"ஐயா, இரண்டு கையாலையும் மாறி மாறி, மூன்று நாள்..."

அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை. காதுக்குள் ஒரு தகரம் விழுந்தது. அரிசி மூட்டையில் போய்ச் சாய்ந்தேன்.

"இப்ப நான் எந்தக் கையால அடிச்சேன்?"

"இடக்கை, ஐயா."

"மோதிரம் இருந்துச்சா?"

"ஓம். பல்லிலை பட்டது."

"என்னா வாசம் வந்துச்சு?"

"பெருங்காயம். பேந்து, உங்கடை சவர்க்காரம்."

"பாத்தியா யாழ்ப்பாணத்தாரே! ஒரே ஒரு அறைதான். எவ்வளவு சமாச்சாரம் தெரிஞ்சிருக்கு ஒனக்கு. மூணு நாளு அடிச்சான்ங்குற, எந்தக் கைன்னு தெரியல. பொய் சொல்றவன் கதை காலைல ஆரம்பிச்சு ராத்திரி ஒழுங்கா முடியும். அடி வாங்குனவனுக்கு வரிசையே கெடையாது. அவனுக்கு மோதிரந்தான் மொதல்ல வரும்."

அப்போதுதான் கைக்குட்டையும் மெர்சியும். மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபத்தைவிட நன்றி அதிகமாக இருந்தது. என் கன்னத்தின் செலவில் அவர்களுடைய கேஸ் எல்லாம் திருந்திவிட்டது.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் வந்தார். நல்ல மனசு என்று அக்கா சொன்னார். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. கேள்வி கேட்கத் தொடங்கும்போது அவர் கண்களில் ஒரு வெளிச்சம் ஏறும். வயது இருபது குறையும். பல வருடம் பெட்டிக்குள் கிடந்த கத்தியை எடுத்து, கூர் இருக்கிறதா என்று நகத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்ப்பார்.

கூர் இருந்தது. அதை ஒரு மத்தியானம் டிராமில் பார்த்தேன். நானும் அவரும் கடையில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மொட்டைத் தலையோடு ஒருவன் ஏறினான். இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் பச்சை குத்தியிருந்தான். நேரே என்னிடம் வந்து மூக்கைப் பொத்தி, நாறுகிறது என்றான். அதில் ஓரளவு உண்மை இருந்தது. மீன் பையை நான்தான் வைத்திருந்தேன். பிறகு என் நெஞ்சில் விரலால் குத்தத் தொடங்கினான். நான் வீரமாக ஒரு குழந்தை வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

கப்பித்தான் மெதுவாக, நல்ல ஜெர்மன் மொழியில், "அடுத்த தரிப்பில் இறங்குகிறீர்களா?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே அதே விரலை அவருக்கு நேரே நீட்டினான். அவர் அதைப் பிடித்தார். கை குலுக்குகிற மாதிரித்தான் இருந்தது. முருங்கைக்காயை முறிக்கும் சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். விரல் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. அடுத்த தரிப்பில் இறங்கினான்.

நான் இன்னும் குழந்தை வண்டிக்குப் பின்னால்தான் நின்றேன். கப்பித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "கைய ஒடச்சா கத்துவான் தம்பி. கத்துனா கூட்டம் கூடும். வெரல ஒடச்சா யோசிப்பான்."

அதைச் சொன்ன குரல் எப்படி இருந்தது என்றால், தோசைக்கு உளுந்து எவ்வளவு போடுவது என்று சொல்கிற குரல்.

இன்னொரு சனிக்கிழமை. வெளியே மழை பிடித்துக்கொண்டதால் மற்றவர்கள் வரவில்லை. பின்னறையில் நானும் அவரும் மட்டும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். என் வாய் சும்மா இருக்காதே. "ஏன் ஐயா, இரண்டாந்தரம் கேட்டால் வாய் நோகுமோ?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆப்பிரிக்காவுல ஒரு மலை ஊரு. நாங்க அங்க போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி பாதைல குண்டு வச்சு எங்க வண்டியத் தூக்கிட்டானுங்க. ஆறு பசங்க. ஒருத்தனுக்கு வயித்துல இருந்தது எல்லாம் வெளில கெடந்துச்சு. அள்ளி உள்ள வச்சு என் சட்டையால கட்டுனேன். கட்டி முடிக்கிறதுக்குள்ள செத்துட்டான். அந்தச் சட்டையோடதான் அந்த ஊருக்குப் போனேன். வேற சட்ட மாத்தல."

"ம்."

"ஒரு கெழவன் ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தான். துப்பாக்கிங்கள எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். அவங்க பாஷைலதான் கேட்டேன், எனக்கு வரும். அவன் என் வாயயே பாத்துக்கிட்டு நின்னான். பதில் இல்ல. திமிருன்னு நெனச்சேன்."

"பேந்து?"

"பேந்து என்னா. சுட்டேன். நெத்தியில. ஆடு ஓடல, தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவன் பொண்டாட்டி ஓடியாந்து தன் காதத் தொட்டுத் தொட்டுக் காமிக்கிறா. எனக்கு ஒண்ணும் புரியல. எங்ககூட இருந்த அந்த நாட்டுச் சிப்பாய்தான் சொன்னான், அவனுக்குக் காது கேக்காதாம்."

மழை பெய்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதுக்குப் பிறகாவது நீங்கள் எல்லாரிட்டையும் இரண்டுதரம் கேட்டிருக்கலாமே ஐயா?" என்றேன்.

"ரெண்டாந்தடவ கேக்குறதா இருந்தா அன்னிக்குல்ல கேட்டிருக்கணும்? இன்னொருத்தன்கிட்ட ரெண்டாந்தடவ கேட்டேன்னா, அப்ப அந்தக் கெழவன்கிட்ட மட்டும் ஏன் கேக்கலன்னு வந்துரும்ல."

தேநீரைக் குடித்து முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டார்.

யோகனின் நாள் நெருங்கியது. மூன்று கிழமைதான் இருந்தது. அவன் பின்னறைக்கு வர மாட்டேன் என்றான். நான்தான் கெஞ்சிக் கூட்டிப்போனேன். "சும்மா வந்து பார். அடி விழுந்தால் எனக்குத்தான் விழும், எனக்குப் பழக்கம்" என்றேன்.

கப்பித்தான் கதிரையில் இருந்தார். யோகன் முன்னால் நின்றான்.

"ஒன்ன என்னா பண்ணாங்க?"

யோகன் சிரித்தான்.

அக்காவின் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. என் கன்னம் முன்கூட்டியே நோகத் தொடங்கியது. ஒன்றில் இவர் அவனை அடிப்பார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார், எதுவானாலும் யோகன் முடிந்தான் என்று நினைத்தேன். கப்பித்தான் அடிக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. அவனுடைய தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்," என்றார். "சரி. நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன். மொதல்ல செருப்பக் கழட்டச் சொன்னாங்க. கைய முதுகுப் பக்கமா கட்டுனாங்க. கயிறு இல்ல, துணி. கயிறு தழும்பு விடும். மேல ஒரு கொக்கி. தூக்குனப்ப ஒடனே வலி வரல. மொதல்ல சத்தந்தான் வந்துச்சு. வேற யாரோட எலும்போன்னு நெனச்சிருப்ப. வலது தோளுதான் மொதல்ல கழண்டுச்சு, ஏன்னா ஒன் பாரம் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, இப்பவும் அப்பிடித்தான் நிக்குற. கால் கட்டவெரல் மட்டும் தரையில படுற மாதிரி வச்சிருந்தாங்க. அது தப்பிக்கிறதுக்கு இல்ல, தப்பிக்கலாம்னு நீ நெனக்கிறதுக்கு. வெளில சத்தம் கேக்காம ரேடியோவ சத்தமா வச்சிருப்பாங்க."

"ரேடியோ இல்லை," என்றான் யோகன்.

அவன் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

"தண்ணி மோட்டர். மோட்டரைப் போட்டு விட்டவங்கள். அது நிண்டால்தான் இறக்குவாங்கள். எண்ணெய் முடியுதோ முடியுதோ எண்டு நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

அதன்பின் அவன் நிறுத்தவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. பக்கத்தில் தொங்கிய இன்னொருவனின் மூத்திரம் தன் காலில் சூடாக ஓடியதைச் சொன்னான். அவன் யார் என்று கடைசிவரை தெரியாது என்றான். முகாமில் சாப்பிடக் கொடுத்த பாணில் எறும்பு இருந்தது என்றான். திடீரென்று தன் தாயின் பெயரைச் சொன்னான். எந்த இடத்திலும் எனக்கு ஒரு பகிடியைப் போட்டுச் சமாளிக்கப் பழக்கம். அன்று கைகளை அரிசி மூட்டைக்குள் முழங்கைவரை புதைத்துக்கொண்டு நின்றேன்.

முடித்துவிட்டு யோகன் கேட்டான்: "ஐயாவுக்கு இதெல்லாம் என்னெண்டு தெரியும்?"

"அந்த அறையில ஒரு நாற்காலி போட்டு ஒருத்தன் ஒக்காந்திருப்பான்ல?"

"ஓம்."

"நான் அந்த நாற்காலில இருந்தவன் தம்பி. வேற ஊருல."

யோகனுக்குக் கை தோளுக்கு மேலே போகாது. ஆனால் கப்பித்தான் உட்கார்ந்திருந்தார், முகம் எட்டும் உயரத்தில்தான் இருந்தது. முதல் குத்து மூக்கில். இரண்டாவது வாயில். கட்டிய பற்கள் கழன்று அரிசிக்கு மேலே விழுந்தன. மூன்றாவது, நாலாவது என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கப்பித்தான் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையையும் தொடைகளில் வைத்தபடி இருந்தார். நான் யோகனை இடுப்பில் பிடித்து இழுத்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கா "ஐயோ, கிழவனைக் கொல்லப் போறியளோ, விடுங்கோடா!" என்று கத்தினார்.

கப்பித்தான் பற்களைப் பொறுக்கி, அரிசியை ஊதித் தட்டிவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பற்கள் இல்லாமல் பேச்சு குழறியது. "இத அப்பிடியே அங்க சொல்லு. வரிசையா சொல்லாத," என்று மட்டும் சொன்னார்.

யோகன் தன் லோயரிடம் போய்ச் சொன்னான். நானும் போனேன். லோயர் ஒரு ஜெர்மன் பெண், நல்லவர், ஆனால் முகத்தைச் சுளித்தார். இத்தனை வருடம் சொல்லாததை இப்போது சொன்னால் நீதிமன்றம் நம்பாது என்றார். தோள்கள் விபத்திலும் இப்படி ஆகியிருக்கலாம் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார், எப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆள் இருந்தால் பரவாயில்லை என்றார். எனக்கு ஒரு ஆளைத் தெரியும் என்று நான் வாயைத் திறந்தேன். என் வாய் செய்த ஒரே நல்ல காரியம் அது. நல்ல காரியம்தானா என்று இன்னும் சந்தேகம்.

கப்பித்தான் "எழுதித் தர்றேன்" என்றார். அவருக்கு ஜெர்மன் பேச வரும், எழுத வராது. அவர் பிரெஞ்சில் சொல்ல, மதாம் அதை ஜெர்மனில் தட்டச்சுச் செய்வதாக ஏற்பாடு. வைத்தியரின் அறிக்கையை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுவரில் அவருடைய பதக்கங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. மதாம் எனக்கு அப்பிள் கேக் வைத்தார். கப்பித்தானின் வீங்கிய முகத்தைக் காட்டி, "படியில் விழுந்துவிட்டாராம், இந்த வயதில் கவனம் வேண்டாமா?" என்று என்னிடம் குறைப்பட்டார்.

எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. தட்டச்சின் சத்தத்தில் இருந்துதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதலில் மழைபோல ஓடியது. பிறகு சொட்டியது. பிறகு நின்றது. மதாம் திரும்பி அவரைப் பார்க்காமல், இயந்திரத்தைப் பார்த்தபடியே ஏதோ ஒன்று கேட்டார். அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார். கனநேரம் கழித்து ஒரு எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று. கடைசிவரை அடித்தார். கடதாசியை உருவி எடுத்து, மொழிபெயர்ப்பாளர் என்று கீழே தன் கையெழுத்தையும் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இன்னும் கேக் வேண்டுமா?" என்று கேட்டார்.

ஒரு மனுஷியின் நாற்பது வருடக் கலியாணம் என் கண்ணுக்கு முன்னால் உடைந்துகொண்டிருந்தது. நான் "ஓம்" என்று தட்டை நீட்டினேன். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

அந்தக் கடிதத்தை டிராமில் வாசித்தேன். பெயர், பதவி, படைப்பிரிவு. பிறகு: இந்த இளைஞனின் தோள்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அல்ஜீரியாவில் என் கட்டளையில் பதினொரு மனிதருக்கு இது செய்யப்பட்டது. மூன்று பேர் பிழைக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும், உயிரோடு இருந்தால், இவன் சட்டை போடுவதுபோலத்தான் சட்டை போடுவார்கள்.

நீதிமன்ற அறை ஒரு பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. நானும் கப்பித்தானும் பின் வரிசையில் இருந்தோம். நீதிபதி கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "இதை எழுதியவர் வந்திருக்கிறாரா?" என்றார். கப்பித்தான் எழுந்து, குதிக்கால்களைச் சேர்த்து நின்றார். பழக்கம். "இது உங்கள் கையெழுத்தா?" "ஆம்." "இதை எழுதியதால் உங்களுக்கு என்ன வரலாம் என்று தெரியுமா?" "தெரியும்." "உட்காருங்கள்," என்றார். அப்படி ஒரு குரலில் அவரை யாரும் உட்காரச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு யோகனிடம் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். யோகனின் வாயோரத்தில் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியது. என் பக்கத்தில் கப்பித்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"மோட்டர்," என்றான் யோகன்.

ஒன்றரை மணித்தியாலம் பேசினான். வரிசையே இல்லை. மொழிபெயர்த்தவர் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார்.

சில கிழமையில் தபால் வந்தது. யோகன் இந்த நாட்டில் இருக்கலாம். என்னுடைய கேஸ் அதே வருடம் தள்ளுபடி ஆனது. அது நியாயமான தீர்ப்பு. அதிகாரியின் மோதிரம்வரை சொல்லிவிட்டேன். அது எந்த விரலில் இருந்தது என்று கேட்டார்கள். நான் என் விரல்களைப் பார்த்தேன், அவை உதவவில்லை. என்னை இன்னும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தீர்ப்பைக் காட்ட யோகனோடு நானும் போனேன். கப்பித்தான் அந்த வீட்டில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஒற்றை அறையில் இருந்தார். மதாம் அவரைப் போகச் சொல்லவில்லையாம், இவர்தான் போனாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதாம் வந்து அழுக்குச் சட்டைகளை எடுத்துப்போய்த் தோய்த்து, மடித்துக் கொண்டுவந்து வைப்பார். பேசுவதில்லை. அறையில் பதக்கங்களும் இல்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கதிரை. அவர் எங்களுக்குக் கதிரையைக் காட்டிவிட்டுக் கட்டிலில் இருந்தார். யோகன் கதிரையில் இருக்கவில்லை. நான் இருந்தேன், உடனே எழும்பினேன்.

"நான் நன்றி சொல்ல வரேல்லை, ஐயா," என்றான் யோகன். "காட்ட வந்தனான்."

கடதாசியை நீட்டினான். கப்பித்தான் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"அந்த அறையில நாற்காலில இருந்தவன்," என்றார். "அவன் மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

யோகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். சரி, முடிந்தது, கிளம்பலாம் என்று நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"ஞாபகம் இருக்கா தம்பி?" என்று கப்பித்தான் மறுபடியும் கேட்டார்.

அவருடைய வாயில் இருந்து ஒரு கேள்வி இரண்டாந்தடவை வந்ததை நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"ஓம்," என்றான் யோகன். "நான் சாகுமட்டும் இருக்கும்."

கப்பித்தான் தலையை ஆட்டினார். அறையில் எங்கள் மூன்று பேரையும் தவிர இன்னும் யாரோ இருக்கிற மாதிரி ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் யோகன் இடைக்கிடை அங்கே போய் வந்தான். என்ன கதைப்பீர்கள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பான். "அந்தாளுக்கு ஒண்டையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, அண்ணை. அது ஒரு ஆறுதல்," என்று ஒருநாள் சொன்னான். ஒருமுறை கப்பித்தானுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக்கூடக் கொண்டுபோனான்.

அடுத்த வருடம் குளிர்காலத்தில் கப்பித்தான் இறந்துவிட்டார். மதாம்தான் கடைக்குத் தொலைபேசியில் அறிவித்தார். அக்கா கடையைப் பூட்டினார். விடுதி ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் அவரிடம் கேள்வி வாங்கியவர்கள்தானே. நான் ஒரு கறுப்புக் கோட்டு இரவல் வாங்கினேன், கை நீளம் போதாது. யோகன் மட்டும் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"வெளிக்கிடு யோகன். பஸ் போயிடும்."

"நான் வரேல்லை."

"கஞ்சி காய்ச்சிக் குடுத்தனி. செத்த வீட்டுக்கு வர ஏலாதோ?"

அவன் என் கோட்டுக் கையை இழுத்துச் சரிசெய்துவிட்டான். பிறகு சொன்னான்:

"அங்கை, அல்ஜீரியாவிலை, அந்தக் கடிதத்திலை சொன்ன எட்டுப் பேர் இருக்கினம் எல்லோ, அண்ணை. இவர் செத்திட்டார் எண்டு அவைக்கு ஆரும் அறிவிக்கப் போறேல்லை. அவைக்குத் தெரியாமல் நான் போய்ப் பூப் போட ஏலாது. நீங்கள் போட்டு வாங்கோ."